கையேட்டுப் பரிகாரம் கெடுத்த மூன்று பெட்டிகள்: லாடியத்தில் ஒரு கேப் தேனீ நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவுக்கு மேற்கே, லாடியத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்த மூன்று தேனீப் பெட்டிகள் ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கியது பிப்ரவரிக்குள் முடிந்துவிட்டது. பட்டினி காரணமில்லை; கடைசிப் பெட்டியைத் திறந்தபோதும் ஓரச் சட்டங்களில் மூடிய தேன் இருந்தது. பூச்சிமருந்தும் காரணமில்லை, வாசலில் செத்த தேனீக் குவியல் எதுவும் கிடக்கவில்லை. வளர்த்தவர் அசட்டையானவரும் அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் கையேடுகள் சொல்லும் பரிகாரத்தைத்தான் செய்தார். அந்தப் பரிகாரங்களே கேட்டை ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கொண்டு சேர்த்தன.

கேடு என்பது இன்னொரு தேனீ. தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனைக்கு உரிய கேப் தேனீயின் ஒரு வம்ச வழி, வடக்கே வந்து ஒட்டுண்ணியாக வாழ்கிறது. இங்குள்ள வளர்ப்பாளர்கள் ‘கேப்பென்சிஸ்’ என்பார்கள். பிரிட்டோரியா அடங்கிய கௌட்டெங் பகுதியில் பொழுதுபோக்காக ஒன்றிரண்டு பெட்டி வைத்திருப்பவர்கள் எந்த நோயையும்விட முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

இடமும் பெட்டிகளும்

மூன்றும் பத்துச் சட்டம் கொள்ளும் லாங்ஸ்ட்ராத் பெட்டிகள். அடிப்பலகை, ராணி முட்டையிடும் புழு அறை, அதன்மேல் ராணியை மேலே போகவிடாத ராணி தடுப்புத் தட்டு, மேலே தேன் அறை, மூடி. சட்டங்களுக்கு இடையே 8 மி.மீ. அளவிலான தேனீ இடைவெளி சரியாக இருந்தது. பின்மதில் ஆளுயரத்துக்கு மேல் இருந்ததால், பறந்து வெளியேறும் தேனீ மேலெழும்பித்தான் போக வேண்டும். அடுத்த வீட்டுக்குத் தொல்லையில்லை. இதெல்லாம் நல்ல ஏற்பாடு.

குறை ஒன்று. முதல் இரண்டு பெட்டிகளும் 60 செ.மீ. இடைவெளியில், ஒரே வெள்ளைப் பெயின்ட்டில், ஒரே திசை பார்த்து நின்றன. வெளியே போய்த் திரும்பும் தேனீ இப்படிப்பட்ட வரிசையில் எளிதாக வாசல் மாறிப் புகுந்துவிடும். மற்ற இடங்களில் இது சில்லறை விஷயம். கேப்பென்சிஸ் உள்ள ஊரில் அப்படி விட முடியாது.

முதல் பெட்டி, முந்தைய வசந்தத்தில் பொறிப்பெட்டியில் தானாக வந்து குடியேறிய கூட்டம். இந்த மண்ணின் ஸ்குடெல்லாட்டா தேனீ. வீரியமும் உண்டு, முரட்டுத்தனமும் உண்டு. இரண்டாவது, ஆகஸ்ட் கடைசியில் மலிவாக விலைக்கு வாங்கியது. மூன்றாவது, அக்டோபர் தொடக்கத்தில் மதிலின் மறுகோடியில் வைத்திருந்த காலிப் பெட்டியில் வந்து அமர்ந்த புதுக்கூட்டம்.

தமிழில் தேனீ வளர்ப்பைக் கற்க நினைப்பவருக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்ட அனுபவம். அது இந்தியத் தேனீயைப் பற்றியது. சாதுவானது, சிறிய பெட்டி, வேறு எதிரிகள். கூட்டத்தைக் கையாளும் நிதானம், அடை கட்டும் ஒழுங்கு, கூட்டம் பிரியும் அறிகுறி ஆகியவற்றை அங்கிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பெட்டியின் அளவையும் பாதுகாப்பு உடையையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பலவீனமான குடும்பத்தைப் பலமானதோடு சேர்க்கும் பழக்கத்தை, கீழே வரும் சோதனைகளைச் செய்யாமல் இங்கே பின்பற்றவே கூடாது.

நடந்தது

வாங்கிய பெட்டி கற்றாழைப் பூப் பருவத்திலிருந்து திரும்பிய சரக்கு. பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கற்றாழை பூக்கிறது. குளிர்காலத்தில் மகரந்தமும் தேனும் ஒருசேரக் கிடைப்பதால் தொழில்முறை வளர்ப்பாளர்கள் லாரி லாரியாகப் பெட்டிகளை அங்கே இறக்குவார்கள். பல ஊர்ப் பெட்டிகள் நெருக்கமாக நிற்கும்போது வாசல் மாறுவதும் தேன் கொள்ளையடிப்பதும் சகஜம். கேப்பென்சிஸ் பரவ இதைவிடத் தோதான இடம் கிடையாது. பருவம் முடிந்ததும் மெலிந்த பெட்டிகள் மலிவு விலையில் கைமாறுகின்றன.

வாங்கிய பெட்டியில் நான்கு சட்டத்துக்குத்தான் தேனீ இருந்தது. அடையில் புழு உள்ள சிற்றறைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தன. சில அறைகளில் இரண்டு மூன்று முட்டைகள். ராணி கண்ணில் படவில்லை. புது ராணி முட்டையிடத் தொடங்கும் நாட்களில் ஓர் அறையில் இரண்டு முட்டை விழுவது உண்டு என்பதால், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் தேனீ இன்னும் குறைந்தது. “தம்பி, அது தனியா நின்னா தேறாது, நல்ல பெட்டியோட சேத்துடு” என்று மூத்த வளர்ப்பாளர் ஒருவர் சொன்னார். உலகமெங்கும் சொல்லப்படும் புத்திமதிதான். பலமான பெட்டியின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, நாலைந்து கீறல் போட்டு, அதன்மேல் மெலிந்த பெட்டியை வைத்தார்கள். தேனீக்கள் தாளைக் கடித்துத் துளைப்பதற்குள் வாசனை கலந்துவிடும்; சண்டை வராது. சண்டை வரவில்லை. ஒட்டுண்ணி முதல் பெட்டிக்குள் போய்விட்டது.

செப்டம்பர் முடிவில் தேன் அறையில், அதாவது ராணி தடுப்புத் தட்டுக்கு மேலே, முட்டைகள் தென்பட்டன. ராணி எப்படியோ நுழைந்துவிட்டாள் என்று நினைத்துத் தட்டை மாற்றினார்கள். ராணி கீழேதான் இருந்தாள். மேலே முட்டையிட்டது வேறு. இந்த நிகழ்வில் தவறவிட்ட அறிகுறிகளில் மிகத் தெளிவானது இதுதான். ராணியின் நடமாட்டமும் வாசனையும் குறைவாக உள்ள மூலையைத்தான் கேப்பென்சிஸ் பணித்தேனீ முதலில் பிடிக்கும்.

அக்டோபர் கடைசியில் ராணி இல்லை. மகரந்தம் சுமந்து வரும் தேனீக்கள் அரிதாகின. திறந்தால் சீறிக்கொண்டு வந்த கூட்டம் இப்போது சும்மா இருந்தது. அது நல்ல குணமாகத் தோன்றியது. ராணி இல்லாத குடும்பத்துக்குச் செய்வதைச் செய்தார்கள்: மூன்றாம் பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து இதில் வைத்தார்கள். ராணி இல்லாத ஆரோக்கியமான குடும்பம் சில நாளில் ராணி அறைகள் கட்டத் தொடங்கும். இங்கே ஒன்றுகூடக் கட்டவில்லை.

சரி, பணித்தேனீயே முட்டையிடுகிறது என்று முடிவு செய்தார்கள். முடிவு சரிதான், வகைதான் தவறு. சாதாரணமாக முட்டையிடும் பணித்தேனீக்கு மருந்து, பெட்டியைத் தள்ளிக் கொண்டுபோய் எல்லாத் தேனீக்களையும் தரையில் உதறிவிடுவது. அவை வேறு பெட்டிகளில் தஞ்சம் புகுந்து கரைந்துவிடும். நவம்பரில் அப்படியே உதறினார்கள். தஞ்சம் புக அருகிலிருந்தது மூன்றாம் பெட்டி. ஜனவரியில் அதன் அடைகளிலும் ஓர் அறைக்கு மூன்று நான்கு முட்டைகள். பிப்ரவரியில் தேன்கூட்டு வண்டின் புழுக்கள் தேனைக் குழைத்து நாறவைத்திருந்தன. மெழுகு அந்துப்பூச்சி மீதியைத் தின்றுகொண்டிருந்தது. வண்டும் அந்தும் பிணம் தின்னிகள். கொன்றவை அவையல்ல.

இந்தத் தேனீயிடம் உள்ள வித்தியாசம்

மற்ற இனங்களில் ராணி இல்லாதபோது பணித்தேனீ முட்டையிட்டால், அது கருவுறாத முட்டை. அதிலிருந்து ஆண் தேனீ மட்டுமே வரும். கேப் தேனீயில், கருவுறாத முட்டையிலிருந்தே பெண் தேனீ பிறக்கிறது. முட்டை உருவாகும்போது பிரிந்த கருக்களில் இரண்டு மீண்டும் சேர்ந்து, ஆண் துணையில்லாமலே முழு மரபுத்தொகுதியைத் தந்துவிடுகின்றன. பிறக்கும் மகள் ஏறக்குறைய தாயின் நகல். 1912ஆம் ஆண்டிலேயே ஜி.டபிள்யூ. ஆனியன்ஸ் இதை எழுதிவைத்தார். நெடுநாள் பலரும் நம்பவில்லை.

சொந்த மண்ணில் கேப் தேனீ ராணியோடு முறையாகக் குடும்பம் நடத்தும் நல்ல தேனீ. 1990இல் வளர்ப்பாளர்கள் சில நூறு கேப் தேனீக் குடும்பங்களை வடக்கே, ஸ்குடெல்லாட்டா வாழும் பகுதிக்குக் கொண்டுவந்தபோதுதான் வினை தொடங்கியது. பணித்தேனீக்கள் அந்நியக் கூடுகளில் புகுந்தன. இன்று வடக்கே திரியும் ஒட்டுண்ணிகள் அனைத்தும் அந்நாளில் வாழ்ந்த ஒரே ஒரு பணித்தேனீயின் வாரிசுகள் என்பதை மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பல்லாயிரக்கணக்கான ஸ்குடெல்லாட்டா குடும்பங்கள் அதனால் அழிந்தன.

அது கூட்டுக்குள் செய்வது இதுதான். புகுந்த பணித்தேனீயின் சூலகம் வளர்கிறது. தாடைச் சுரப்பியில் ராணியின் வாசனையை ஒத்த சுரப்பு ஊறுகிறது. வீட்டுத் தேனீக்கள் அதைக் குட்டி ராணியாகவே நடத்துகின்றன. அதன் புழுக்களுக்கு வீட்டுத் தேனீக்கள் வழக்கத்தைவிட அதிகமாக ஊட்டுகின்றன. உண்மையான ராணி ஒருநாள் காணாமல் போகிறாள். ராணி வாசனை கூட்டில் இருப்பதால் குடும்பத்துக்கு ராணி இழந்த உணர்வே வருவதில்லை. கொடுத்த சட்டத்தில் ராணி அறை எழாததற்கு அதுவே காரணம். பிறந்துகொண்டிருக்கும் கேப் மகள்களோ தேனுக்குப் போவதில்லை, புழு வளர்ப்பதில்லை; முட்டையிடும் வேலை மட்டுமே அவற்றுக்கு. உழைக்கும் ஸ்குடெல்லாட்டாக்கள் வயதாகிச் சாகின்றன, அவற்றின் இடத்துக்குப் புதியவை வருவதில்லை. உழைப்பவர் தீர்ந்ததும் கூடு முடிகிறது. மிஞ்சிய ஒட்டுண்ணிகள் அடுத்த கூட்டைத் தேடிப் பறக்கின்றன. கூடு சாகும் அந்த நேரத்தில்தான் பரவல் உச்சத்தில் இருக்கும். ‘தானே சாகட்டும்’ என்று விட்டுவைப்பது, அதனால், பக்கத்துத் தெருவில் பெட்டி வைத்திருப்பவருக்கும் செய்யும் தீங்கு.

எப்படி உறுதி செய்வது

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கேப்பென்சிஸ் கறுத்து, மயிர் தேய்ந்ததுபோல் பளபளப்பாக இருக்கும். ஸ்குடெல்லாட்டாவின் வயிற்று முன்பகுதியில் மஞ்சள் பட்டைகள் தெரியும். ஆனால் ஸ்குடெல்லாட்டாவிலும் கறுத்தவை உண்டு. ஐம்பது மஞ்சள் தேனீக்கு நடுவே நாலைந்து கறுப்பு மினுமினுப்பைக் கண்டால் அது சந்தேகத்துக்கு மட்டும் போதும்.

தீர்ப்புக்கு முட்டையையும், மூடிய அறைக்குள் வளரும் புழுக்கூட்டையும் பாருங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, அடையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் அறையின் அடி தெரியும். ராணியின் முட்டை அடியின் நடுவில் ஒன்றே ஒன்றாக நிற்கும். பல முட்டைகள், அதுவும் அறைச் சுவரிலோ மகரந்தத்தின் மேலோ ஒட்டியிருந்தால் அது பணித்தேனீயின் வேலை. அதன் வயிறு குட்டை, அடிவரை எட்டாது. புது ராணியின் இரட்டை முட்டை சில நாளில் நின்றுவிடும், அடியில்தான் இருக்கும், முட்டையிட்ட பகுதி தொடர்ச்சியாகப் பரவும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

அடுத்து மூடிய அறைகள். சாதாரணமாக முட்டையிடும் பணித்தேனீயின் கூட்டில், பணித்தேனீ அறைகள் துப்பாக்கிக் குண்டின் முனைபோல் புடைத்து நிற்கும், உள்ளே ஆண். கேப்பென்சிஸில் மூடி கொஞ்சம் உயர்ந்திருக்கலாம், அந்த அளவுக்குப் புடைக்காது. ஐயமிருந்தால் பல்குத்தும் குச்சியால் பத்துப் பன்னிரண்டு மூடிகளைக் கிழித்து, கண்கள் நிறமேறிய புழுக்கூடுகளை வெளியே எடுங்கள். ஆணின் கண்கள் பெரிதாகி உச்சந்தலையில் ஒன்றையொன்று தொடும். பெண்ணின் கண்கள் சிறியவை, இரு பக்கமும் விலகியிருக்கும். ராணி இல்லை, ஓர் அறையில் பல முட்டை, புழுக்கூடுகள் பெண்: மூன்றும் சேர்ந்தால் கேப்பென்சிஸ் தவிர வேறொன்றும் இல்லை. லாடியத்தில் அக்டோபரில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் மூன்றாம் பெட்டி பிழைத்திருக்கும்.

ராணி இன்னும் இருக்கும் தொடக்க நிலையில் இந்த மூன்றும் கிடைக்காது. அப்போது தடுப்புத் தட்டுக்கு மேலே தேடுங்கள். தேன் அறையில் முட்டை, கீழே ராணி என்றால் அதுவே போதும்.

கண்டுபிடித்த பின்

காப்பாற்ற முயல வேண்டாம். புது ராணியைக் கொடுத்தால் கொன்றுவிடும். சட்டம் கொடுப்பது, சேர்ப்பது, உதறுவது மூன்றும் கூடாது. கூட்டை முழுதாக அழிக்க வேண்டும், ஒரு தேனீகூடப் பறக்காமல். கேட்கக் கொடுமையாக இருக்கும்; பூஜைக்குத் தேன் வேண்டுமென்று ஆசையாக வளர்த்தவருக்கு இன்னும் கொடுமை. ஆனால் அந்தக் கூடு ஏற்கெனவே முடிந்துபோனது. அழிப்பது மற்றவற்றுக்காக.

இருட்டிய பின், எல்லாம் கூடு திரும்பியதும் தொடங்குங்கள். இருவர் வேண்டும், முழு உடையும் காலுறைக்குள் செருகிய கால்சட்டையும் வேண்டும். வெள்ளை விளக்கு தேனீயை இழுக்கும். சிவப்பு விளக்கு போதும். நாயைக் கட்டிவையுங்கள், அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வாசலை ஈரப் பஞ்சால் இறுக்கி அடைத்து, பெட்டியின் எல்லா இணைப்புகளையும் அகல டேப்பால் ஒட்டுங்கள்.

கிடைநிலை ஆழ்குளிர்ப்பெட்டி இருந்தால் சுத்தமான வழி அதுதான். பத்துச் சட்டப் பெட்டி சுமார் 51 செ.மீ. நீளம், 41 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம், பெரிய ஆழ்குளிர்ப்பெட்டியில் நுழையும். தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி உறைநிலைக்கு 18 டிகிரி செல்சியஸ் கீழே மூன்று நாள் வையுங்கள். திரண்டிருக்கும் தேனீக்கூட்டம் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும், அதனால் ஓர் இரவு போதாது. இந்த வழியில் மூடிய புழுக்களும் சாகும், அந்தின் முட்டையும் சாகும், தேன் கெடாது.

அந்த வசதியில்லை என்றால் சோப்புத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு 60 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம். ஒரு பெட்டிக்கு 10 முதல் 15 லிட்டர் கலந்து, மூடியை ஒரு பக்கம் தூக்கி, சட்டங்களின் இடைவெளி ஒவ்வொன்றிலும் ஊற்றுங்கள். நனைந்த தேனீ மூச்சுமுட்டிச் சில நிமிடத்தில் சாகும். தேன் அறையை முன்னதாகத் தனியே கழற்றினால் அதிலுள்ள முட்டையிடும் தேனீக்கள் தப்பும். எனவே அதையும் சேர்த்துத்தான். சோப்பு பட்ட தேன் உணவுக்கு ஆகாது. அடைகளில் உயிரோடு உள்ள மூடிய புழுக்களிலிருந்து மறுநாளே கேப் மகள்கள் வெளிவரும் என்பதால் அன்றிரவே அடைகளை உருக்கவோ எரிக்கவோ வேண்டும். பெட்டி மரத்துக்குப் பாதிப்பில்லை, இது கிருமியல்ல. சுரண்டிக் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

மீதிப் பெட்டிகள் இருந்தால், அடுத்த இரண்டு புழுச் சுற்றுகள் வரை, அதாவது ஆறு வாரம், அவற்றிலிருந்து எதையும் எங்கும் மாற்ற வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ராணியையும் தேன் அறை முட்டைகளையும் பார்த்தால் போதும்.

மறுபடி தொடங்க

கௌட்டெங்கில் தேனீ வாங்கத் தேவையே இல்லை. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கூட்டங்கள் தாமே வீடு தேடி அலைகின்றன. ஐந்துச் சட்டம் கொள்ளும் பொறிப்பெட்டியின் உட்புறத்தில் தேன்மெழுகை உருக்கித் தேய்த்து, ஒரே ஒரு பழைய அடையும் நான்கு மெழுகுக் கீற்றுச் சட்டங்களும் வைத்து, தரையிலிருந்து 2 அல்லது 3 மீட்டர் உயரத்தில், காலை வெயில் படும்படி மாட்டுங்கள். மகரந்தம் சுமந்து உள்ளே போகத் தொடங்கினால் குடியேறிவிட்டது என்று பொருள்.

வந்த கூட்டத்தை நேராகப் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பெட்டி வைக்காத மாமா வீடோ சித்தப்பா வீடோ சில கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஆறு வாரம் அங்கே. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் விற்பவரின் இடத்திலேயே திறந்து, ராணியைக் கண்ணால் கண்டு, முட்டைகளை எண்ணிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கற்றாழைப் பருவம் முடிந்து மெலிந்து வரும் பெட்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 2 மீட்டர் விடுங்கள். வாசல்கள் வேறு வேறு திசை பார்க்கட்டும். முகப்பில் நீலம், மஞ்சள், வெள்ளை என வேறு நிறம் அடியுங்கள். சிவப்பு தேனீக்குத் தெரியாது. மெலிந்த கூட்டின் வாசலை இரண்டு விரல் அகலத்துக்குக் குறுக்குங்கள், காவலுக்கு எளிது. தேன் எடுத்த ஈர அடைகளை வெளியில் நக்க விடாதீர்கள். கொள்ளை தொடங்கினால் உங்கள் தேனீயும் அந்நியத் தேனீயும் ஒரே இடத்தில் கலக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1983ஆம் ஆண்டின் 36ஆம் எண் வேளாண் பூச்சிகள் சட்டத்தின் கீழ், ஒரே ஒரு பெட்டி வைத்திருப்பவரும் தேசிய வேளாண் துறையில் வளர்ப்பாளராகப் பதிவு செய்ய வேண்டும். கிடைக்கும் எண்ணைப் பெட்டியில் பொறிக்க வேண்டும். கேப் தேனீயின் பகுதியையும் ஸ்குடெல்லாட்டாவின் பகுதியையும் பிரிக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டி அனுமதியின்றித் தேனீக்களைக் கொண்டுபோவது குற்றம். கேப் டவுனில் சொந்தக்காரர் இருக்கிறார், நல்ல சாதுவான கூட்டம் ஒன்று தருகிறார் என்று யாராவது காரில் ஏற்றிவர நினைத்தால், 1990இல் நடந்ததைச் சொல்லித் தடுங்கள். பின்கட்டில் பெட்டி வைக்க உங்கள் மாநகராட்சியின் விதி என்ன என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேப்பென்சிஸ் கண்டு பெட்டியை அழித்தவர் அதைச் சுற்றியுள்ள வளர்ப்பாளர்களிடம் மறைக்கக் கூடாது. எந்த நாளில் எந்த அறிகுறி தெரிந்தது, எந்தச் சட்டம் எந்தப் பெட்டிக்குப் போனது, தேனீக்களை எங்கே உதறினார்கள் என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்தால், அவர்கள் தங்கள் தேன் அறைகளை அந்த வாரமே திறந்து பார்க்க முடியும்.